டிராக்டர் எத்தனை டன் இழுக்கும்? எத்தனை டன்னை நிறுத்தும்?

கோடை வந்தால் நம் மாவட்டத்தில் ஏரிகள் காய்கின்றன, டிராக்டர்கள் ஏரிக்குள் இறங்குகின்றன. வண்டல் மண் அடிக்கத் தாசில்தாரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று 2024இல் அரசு விதியை எளிதாக்கிய பிறகு இந்த ஓட்டம் இன்னும் கூடியிருக்கிறது. நல்ல விஷயம்தான். இரசாயன உரத்தை விட்டவனுக்கு வண்டலும் தொழுவுரமும்தான் முதல். அந்த முதலை நிலத்துக்குக் கொண்டு சேர்ப்பது டிரெய்லர். தொழுவுரம், வண்டல், நெல், கரும்பு, வைக்கோல், எல்லாம் அதில்தான் போகிறது.

இயற்கை வேளாண்மைக்கு வந்த புதிதில் பலரும் என்னைக் கேட்கிற கேள்வி ஒன்று: “சார், நாற்பத்தஞ்சு எச்.பி. வண்டி எத்தனை டன் இழுக்கும்?” கேள்வி நியாயமானது. ஆனால் பாதிக் கேள்விதான். எத்தனை டன்னை அந்த வண்டி சரிவில் நிறுத்தும் என்பது மீதிப் பாதி. விற்பனைக்காரர்கள் முதல் பாதியை மட்டும் பேசுவாங்க. உயிர் போவது இரண்டாவது பாதியில்.

நம் திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மகா ரதத்தின் வடத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் இருக்கும். இழுக்க ஆள் பஞ்சமே வராது. ஆனால் தேர் மாட வீதியில் ஒழுங்காகப் போய் நிலைக்கு வந்து சேர்வது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து முட்டுக்கட்டை போடுகிற சிலரால்தான். ஏறத்தாழ 300 டன் எடை சொல்லப்படுகிற திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செய்தபோது, ஹைட்ராலிக் பிரேக்கையும் சேர்த்தே கொடுத்தது. நிறுத்துவதற்கும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

இழுவை எங்கிருந்து வருகிறது?

எச்.பி. என்பது எஞ்சின் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்கிற கணக்கு. சின்ன கியரில் போட்டால் சின்ன எஞ்சினும் பெரிய பாரத்தை மெதுவாக நகர்த்தும். இழுவைக்கு எல்லை வைப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, பின்சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் உள்ள பிடிமானம். பிடிமானம் போனால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும்.

பிடிமானம் இரண்டைப் பொறுத்தது: பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடை, தரையின் தன்மை. ஒரு சாதாரண 45 எச்.பி. டிராக்டரை 2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 1300 கிலோ பின்சக்கரத்தில், 700 கிலோ முன்சக்கரத்தில் இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் பின்சக்கர எடையில் 70 சதவீதம் அளவுக்குப் பிடிமானம் கிடைக்கிறது என்று கொள்ளலாம். அதாவது 910 கிலோ இழுவை. நனைந்த சாலையில் 40 சதவீதம் என்று வைத்தால் 520 கிலோ. ஈரக் களிமண்ணில் அதற்கும் கீழே.

இனி எதிர்ப்பக்கம். டிராக்டர் 2 டன், காலி டிரெய்லர் 1.5 டன், பாரம் 5 டன், மொத்தம் 8.5 டன். தார்ச்சாலையில் சமதளமாக இருந்தால் மொத்த எடையில் சுமார் 2 சதவீத இழுவை போதும். வெறும் 170 கிலோ. மண்பாதையில் 5 சதவீதம், 425 கிலோ. ஏரிக்குள்ளும் உழுத நிலத்திலும் 12 சதவீதம் வரை போகும். 1000 கிலோவைத் தாண்டிவிடும்.

இங்கேதான் நம்மை ஏமாற்றுகிற விஷயம் இருக்கிறது. ஏரிக்குள் வண்டி திணறும், முன்சக்கரம் தூக்கும், நாலு பேர் தள்ளுவாங்க. எப்படியோ கரையேறித் தார்ச்சாலையைத் தொட்டதும் பாரமே இல்லாத மாதிரி பறக்கும். டிரைவர் நிம்மதியாக மூச்சு விட்டு கியரை மாற்றுவார். அந்த நிம்மதிதான் ஆபத்து. ஏரிக்குள் நின்றுபோன வண்டியால் ஒருவருக்கும் கேடில்லை. சாலையில் நிற்காத வண்டியால்தான் கேடு.

நிறுத்தும் கணக்கு

நம்மூரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் பிரேக். டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஆகவே 8.5 டன் முழுவதையும் நிறுத்துவது அந்த 1300 கிலோ உட்கார்ந்திருக்கும் இரண்டு சக்கரம்தான். எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் குறைத்தாலும் அதுவும் அதே இரண்டு சக்கரத்தின் பிடிமானம் வழியாகத்தான் வேலை செய்யும்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், சமதளக் காய்ந்த சாலையில் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிராக்டர் தனியாக இருந்தால் சுமார் 25 அடியில் நிற்கும். 5 டன் பாரத்தோடு சுமார் 90 அடி ஆகும். டிரைவர் ஆபத்தைப் பார்த்து, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் வண்டி போய்விடும் 27 அடி தனி.

இப்போது சரிவைச் சேர்ப்போம். 15 அடிக்கு 1 அடி இறங்குகிற சாலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிற மலைச்சாலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலை இல்லாத ஊரிலும் ஏரிக்கரை இறக்கம், பாலத்து இறக்கம் இருக்கும். அந்தச் சரிவில் 8.5 டன் வண்டியைப் பூமி கீழே இழுக்கும் விசை 567 கிலோ. ஏறும்போது இதையும் உருளுவதற்கான 170 கிலோவையும் சேர்த்து 737 கிலோ இழுவை வேண்டும். பிடிமானம் 910 கிலோ. ஆகவே வண்டி ஏறிவிடும். “பாத்தியா, இழுத்துடுச்சு!” என்று தட்டிக்கொடுப்போம். அதே வண்டி அதே பாரத்தோடு அதே சரிவில் 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால்:

காய்ந்த சாலையில் நிற்க சுமார் 195 அடி.
நனைந்த சாலையில் நிற்க சுமார் 800 அடி.

800 அடி என்றால் மலைச்சாலையில் குறைந்தது ஒரு கொண்டை ஊசி வளைவு நடுவில் வந்துவிடும். நிற்காது என்றே சொல்லிவிடலாம். இதுவும் நல்ல டயர், நல்ல பிரேக் என்று வைத்துப் போட்ட கணக்கு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாயும், பின்சக்கரப் பிடிமானம் இன்னும் குறையும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வண்டி கொஞ்சம் திரும்பியிருந்தால் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிப் போடும்.

இரண்டு விஷயத்தை மாற்றிப் பார்ப்போம். ஒன்று, பாரத்தை 1.5 டன்னாகக் குறைத்தால், அதே நனைந்த சரிவில், அதே 30 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 200 அடி. இரண்டு, வேகத்தையும் 15 கி.மீ. ஆக்கினால் 50 அடி. வேகம் பாதியானால் நிற்கும் தூரம் நான்கில் ஒரு பங்காகும்; இது எந்த வண்டிக்கும் பொதுவான விதி. 800 அடியை 50 அடியாக்கியது புது டிராக்டர் அல்ல. குறைத்த பாரமும் குறைத்த வேகமும்.

அப்படியானால் எல்லை எது?

வங்கியில் இருந்த காலத்தில் கடன் அளவை முடிவு செய்யும்போது, நல்ல மகசூல் வந்த ஆண்டின் வருமானத்தை வைத்து எழுத மாட்டோம். மழை பொய்த்த ஆண்டிலும் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்போம். டிரெய்லர் பாரமும் அப்படித்தான். போகிற வழியிலேயே மோசமான இடம் எதுவோ, அதற்கு ஏற்றபடி பாரத்தை வைக்க வேண்டும். பத்து கி.மீ. சமதளமும் கால் கி.மீ. இறக்கமும் இருந்தால், பாரத்தை நிர்ணயிப்பது அந்தக் கால் கி.மீ.தான்.

சட்டத்தின் எல்லை முதலில். டிராக்டருக்குத் தனி ஆர்.சி., டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. டிரெய்லரின் ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். மொத்தத்திலிருந்து காலியைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம். அதை மீறுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 113ஆம் பிரிவின்படி குற்றம். 194ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 20,000 ரூபாய்; மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

ஆனால் ஆர்.சி. சொல்வது அந்த டிரெய்லர் தாங்கும் எடை. அதை உங்கள் டிராக்டர் நிறுத்துமா என்பதை ஆர்.சி. பார்ப்பதில்லை. அதற்கு அமெரிக்காவில் பண்ணை வாகனங்களுக்குச் சொல்லப்படுகிற ஒரு வழிமுறை உதவும்: பிரேக் இல்லாத டிரெய்லர், பாரத்தோடு சேர்த்து, டிராக்டர் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது, வேகம் மணிக்கு 32 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. நம் 2 டன் டிராக்டருக்கு இது 3 டன். டிரெய்லரே 1.5 டன் என்றால் பாரம் 1.5 டன்தான்.

“இதை வெச்சு எப்படி சார் பொழப்பு நடத்துறது?” என்று கேட்பீங்க. நியாயம். அதற்கு மூன்று வழி இருக்கிறது. வயலுக்குள்ளும் சமதள மண்பாதையிலும் ஆள் நடக்கிற வேகத்தில் போகும்போது, ஆர்.சி. எல்லைக்குள் கூடுதலாக ஏற்றலாம். அங்கே தரையே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சாலையில் அடிக்கடி பாரம் போகிறவர்கள் டிரெய்லருக்குப் பிரேக் வைக்க வேண்டும். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்துகிற ஓவர்ரன் பிரேக் இருக்கிறது. டிராக்டரிலிருந்தே அழுத்தும் ஹைட்ராலிக், ஏர் பிரேக்கும் இருக்கிறது. டிரெய்லர் தன் பாரத்தைத் தானே நிறுத்தும்போது கணக்கே மாறிவிடும். தூரம் அதிகமாகவோ மலைப்பாதையாகவோ இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து லாரி பிடியுங்கள். அதற்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் உண்டு.

புது டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கிறது. இழுவைத் திறன், முன்பின் சக்கர எடை, பிரேக் சோதனை எல்லாம் அதில் இருக்கும். எச்.பி.யை மட்டும் சொல்கிற விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.

கண் பார்த்து எடை சொல்ல முடியாது

10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி என்றால் 120 கன அடி. மணல்காரர்கள் கணக்கில் 1.2 யூனிட். இந்த ஒரே பெட்டியைச் சமமாக நிரப்பினால் ஏறத்தாழ:

நெல்: 2 டன்
பாதி காய்ந்த தொழுவுரம்: 2 டன்
காய்ந்த வண்டல்: 4.25 டன்
ஈர வண்டல்: 6 டன்

அதே பெட்டி, அதே உயரம், மூன்று மடங்கு எடை. குவியலாக அம்பாரம் போட்டால் இன்னும் கூடும். “போன தடவையும் இதே அளவுதான் ஏத்தினோம்” என்கிற பேச்சு இங்கே செல்லாது. போன தடவை காய்ந்திருந்தது, இந்தத் தடவை முந்தின நாள் மழை. வண்டலை வெட்டி ஏரிக்குள்ளேயே நாலு நாள் காயப்போட்டு ஏற்றினால் தண்ணீரைச் சுமக்கிற வேலை மிச்சம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் எடைமேடைக்குப் போக வேண்டும். காலி டிரெய்லரை ஒரு முறை, ஒவ்வொரு பொருளையும் பெட்டி நிறைய ஒரு முறை நிறுத்தி, எடையைப் பெட்டியின் உட்பக்கமே பெயின்டில் எழுதி வையுங்கள். எந்தப் பொருளுக்கு எந்த உயரம் வரை என்று ஒரு கோடு. டிரைவர் மாறினாலும் கோடு மாறாது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஆனால் நுகத்தடி தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே நியாயம். பின்பாரம் ஆனால் கொக்கி வழியாக டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். இருக்கிற பிடிமானமும் போகும். முன்பாரம் அதிகமானால் டிராக்டரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது. டிராக்டர் எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பாரத்தைப் பரவலாக, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்த மாதிரி ஏற்றுவது சரி.

கொக்கி மாட்டும் இடமும் முக்கியம். கீழே உள்ள டிராபாரிலோ டிரெய்லருக்கென்று கம்பெனி வைத்த கொக்கியிலோதான் மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்க விழும்.

சாலையில் ஏறும் முன்

வலது, இடது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டு இணையுங்கள். வயலில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தித் திருப்ப வசதியாகப் பிரித்து வைத்திருப்போம். அப்படியே சாலையில் ஏறி ஒற்றைப் பெடலை அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும்.

இறக்கத்தின் உச்சியிலேயே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பாரத்தோடு ஏற எந்த கியர் வேண்டுமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் பார்த்தால் விழாமலே போகலாம்.

கொக்கி ஊசிக்குப் பூட்டுப் பின், டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே சங்கிலி, பின்னால் ரிஃப்ளெக்டர். டிரெய்லர் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எடை அளவைப் பாருங்கள். லாரியில் கழித்த டயரைப் பாரம் இழுக்கப் போடாதீர்கள்.

பாரத்தின் மேல் ஆளை ஏற்றாதீர்கள். வங்கியில் ஒரு கடன் கோப்பை நான் மறக்க முடியாது. அறுவடை முடிந்து ஆட்களை மூட்டைகளின் மேல் ஏற்றி வந்த டிரெய்லர் ஏரிக்கரையில் கவிழ்ந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். விவசாயப் பயன்பாட்டுக்கு எடுத்த பாலிசியில் டிரெய்லரில் வந்தவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று இன்சூரன்ஸ் கையை விரித்தது. நஷ்டஈடு அந்த விவசாயி தலையில் விழுந்தது. நிலம் போனது, டிராக்டர் கடன் மட்டும் நின்றது. உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்து யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இல்லை என்று படியுங்கள்.

மண்ணும் பாரம் தாங்க வேண்டும்

இயற்கை உழவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரமான நிலத்தில் ஆறேழு டன் வண்டி ஏறினால், கலப்பை எட்டாத ஆழம் வரை மண் இறுகும். மேலே உழுதுவிடலாம், அடியில் இறுகியது பல வருஷம் அப்படியே கிடக்கும். வேரும் இறங்காது, மழைநீரும் இறங்காது, மண்புழுவும் போகாது. மண்ணை வளமாக்க வண்டல் கொண்டுவந்து, கொண்டுவந்த வண்டியாலேயே மண்ணைக் கல்லாக்குவதில் அர்த்தமில்லை. பாரவண்டிக்கு வரப்போரமாக ஒரே தடம் வையுங்கள். அங்கிருந்து சின்னச் சின்னதாக உள்ளே பரப்புங்கள்.

ஒரு நடைக்கு என்ன செலவு?

கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது செலவில்தான். 10 கி.மீ. தூரத்துக்கு ஒரு நடை கூடுதலாக அடித்தால், போக வர ஐந்தாறு லிட்டர் டீசல், டிரைவருக்கு ஒன்றரை மணி நேரக் கூலி. என் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். சட்டப்படி ஒரு முறை பிடிபட்டால் கட்டும் குறைந்தபட்ச அபராதத்தில் இருபது நடை அடிக்கலாம். டயர், கிளட்ச், பின் அச்சு தேய்மானத்தை இதில் சேர்க்கவே இல்லை.

வாடகைக்கு டிரெய்லர் அனுப்புகிறவர்களும் வாடகைக்கு எடுக்கிறவர்களும் இதைச் சேர்ந்து பேச வேண்டும். ‘நடைக்கு இவ்வளவு’ என்று பேசினால் டிரைவர் ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றத்தான் பார்ப்பார். அவர் மேல் குற்றமில்லை. ‘டன்னுக்கு இவ்வளவு’ என்றோ ‘மணிக்கு இவ்வளவு’ என்றோ பேசுங்கள். பெட்டிக்குள் கோடு போட்டுக் கொடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஏற்றச் சொல்பவர் நிலத்துக்காரரே ஆனாலும், முடியாது என்று சொல்லும் உரிமை ஓட்டுகிறவருக்கு இருக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கின் மேல் இருக்கப்போவது அவர் கால்தானே.